எட்டு மணி நேரத் தூக்கம் குறித்த தீர்ப்பு

வாளையார் சோதனைச்சாவடிக்கு எதிரே
டயர் கடை மாடி. சனிக்கிழமை இரவு.
கவிழ்த்துப் போட்ட கேரம்போர்டில் ஒரு கோட்டை,
வாசலில் எலும்புப் படை.
மந்திரவாதியிடம்
ஒரு மந்திரமும் மிச்சமில்லை.

விதிப் புத்தகம் என் மடியில்.
பாலக்காட்டில் நகலெடுத்தது,
எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஓரம் வெட்டுப்பட்டு:
செலவான மந்திரம் திரும்ப வர
எட்டு மணி நேரம் தூங்க வேண்டும்.
நடுவே இரண்டு மணி வரை காவல் இருக்கலாம்.
சண்டை போட்டாலோ நடந்தாலோ
தூக்கம் முதலிலிருந்து.

ஷம்லாவின் மந்திரவாதி காவல் இருந்தாள்.
இருந்தவள் எழுந்து
கூடாரத்தை மூன்று சுற்று வந்தாள்.

"நடந்தாச்சு, போச்சு" என்றான் பைஜுமோன்,
எடைமேடையில் பத்து கிலோ கூடினாலும்
லாரியை ஓரங்கட்டுகிறவன்.
நான் ஈ-வே பில் போடுகிறவள்.
ஒரு புள்ளி இடம் மாறினால்
வாழைத்தார் எத்தனை நாள் வெயிலில் நிற்கும்
என்று எனக்குத் தெரியும்.
காவல் என்ற இடத்தில் நடை பற்றி ஒன்றுமில்லை.
நடை என்ற இடத்தில்
'காவல் நீங்கலாக' என்றும் இல்லை.

ஷம்லா பகடையைக் கீழே வைத்தாள்.
வனத்துறையில் தினக்கூலி.
சுள்ளிமடைப் பக்கம் தண்டவாளத்தில்
யானை ஏறாமல் பார்த்துக்கொள்கிற வேலை.
"இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தை
பார்க்கிறதா, பார்த்துக்கிறதா?"

இரண்டுக்கும் அதே வார்த்தைதான்.
பைஜு மலையாளத்தில் சொல்லிப் பார்த்தான்,
நோக்குக என்று. அங்கேயும் அப்படியே.
தமிழில் மட்டும்
ஒரு 'கொள்' குறுக்கே நின்றது.

"பார்க்க உக்காந்தா போதும்.
பார்த்துக்க
சிக்னல் கம்பத்திலிருந்து ஓடைப்பாலம் வரை போகணும்,
டார்ச்சை அணைச்சு நிக்கணும்,
லத்தி சூடா இருக்கான்னு தொட்டுப் பார்க்கணும்.
உக்காந்து காவல் காத்தா
எங்க ரேஞ்சர் கூலியை வெட்டுவார்."

"அப்ப நீ எப்பத் தூங்குவ?"
ஜெரால்டு கேட்டான். அவன் திருடன் வேஷம்,
அதுவரை சிப்ஸ் மட்டுமே தின்றுகொண்டிருந்தான்.

"பகல்ல. துண்டு துண்டா. எட்டு சேராது.
அதான் இங்கயாவது கேக்கறேன்."

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
வட்டமாக நடந்தால் காவல்.
நேராக நடந்தால் நடை.
தேதி போட்டு, கீழே சுருக்கொப்பமும்.

"அப்படீன்னா," பைஜு நிமிர்ந்து உட்கார்ந்தான்,
"போன மாசம் சதுப்புல என் ஆளு
வழி தெரியாம ராத்திரி முழுக்க
வட்டமாத்தானே நடந்தான்?
அவன் காயம் ஆறியிருக்கணும்."

ஷம்லாவின் போன் அதிர்ந்தது.
ஒரு கொம்பன், கூட இரண்டு,
இரண்டு மணி ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம்.
மந்திரவாதி பொம்மையை
கோட்டைக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டு
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினாள்.

எலும்புப் படையை நான் நகர்த்தவில்லை.
பைஜு மட்டும்
சதுப்புக் கணக்கை விடவே இல்லை.