அமத்தாமல்

மாங்குளம் சந்தியில் மாத்தளை லொறி.
"அமத்திப் பாக்காதேங்கோ அக்கா" என்றான்.
எனக்கா சொல்கிறான்?
மிதிவெடி தேடும் மண்ணைப் பகல் முழுக்க
அமத்தாமல் தொடுவதற்குத்தானே
எனக்குச் சம்பளம்.

இரண்டு ஆனைக்கொய்யா.
அரிசி வாளிக்குள் புதைத்தேன்,
துணைக்கு ஒரு கதலிப்பழம்.
மூன்றாம் நாள் காம்படியில் பெருவிரல். இல்லை.
நாலாம் நாள் வேலையால் வர இருட்டிவிட்டது.
ஐந்தாம் நாள்
காம்பு தானாய்க் கழன்றது.

கத்தி கொட்டையில் முட்டியதும்
கை அப்படியே நின்றது.
விசர்.
தனியச் சிரித்துவிட்டு
சுற்றி அறுத்துத் திருகினேன்.

ஒரு பாதி சீனியோடு எனக்கு.
மற்றது விடிய வரும் சுகிர்தாவுக்கு:
கொட்டையை எடுக்கவில்லை,
தேசிக்காய்ப் புளி பூசி
மூடி பிரிஜ்ஜில் வைத்தேன்.
இரவு கரண்ட் போனது.

காலையில் மேல் எல்லாம் கறுப்பு.
சுகிர்தா கரண்டியால் வழித்தாள்,
கொட்டையைக் கிளப்பினாள்.
அது கிடந்த குழி மட்டும்
நேற்றைய பச்சையில்.

"வன்னி வெயிலுக்கு இது முளைக்குமோ?"
"நட்டுப் பாப்பம்."
கிணற்றடிக்குப் போய்
முழங்காலில் இருந்து
கரண்டியால், பக்கவாட்டில்,
விரலளவு விரலளவாய்க் கிண்டினேன்.

"மண்வெட்டி கிடக்கெல்லோ" என்றாள்,
வாய் நிறையப் பழத்தோடு.