கூப்பிடு தூரம்

அஃப்லாவோ காவல் நிலையத்தில் யாராவது தும்மினால்
லோமேக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.
அவ்வளவுதான் எல்லை.

பைக் டாக்ஸி ஓட்டிய யாவோவியைக் குத்தியவன்
கேட்டைத் தாண்டி நடந்தே போனான்.
அன்று மாலையே இன்ஸ்பெக்டர் செனானு
கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
எவே மொழியில் கேட்டார்:
ஆளைப் பார்த்தாயா?
அந்தப் பக்கமிருந்து கொக்குவி:
எங்கள் தெருவில்தான்,
சோளக்களி தின்றுகொண்டிருக்கிறான்.

பதில் வந்துவிட்டது.
சாட்சியம் வரவில்லை.

கடிதம் எழுதினோம், ஆங்கிலத்தில்.
அது அக்ரா போய்
அமைச்சகத்தில் ஊறிக் கிடந்து
பிரெஞ்சு உடுத்திக்கொண்டு
லோமே நீதிமன்றப் படியேறியபோது
யாவோவியின் பிள்ளை நடக்கப் பழகியிருந்தது.

அங்கே நீதிபதியே விசாரிப்பார்,
கேட்டதைத் தம் வாக்கியமாக்கி
எழுத்தரிடம் சொல்லுவார்.
எனியோனாம் என்ற பெண்
ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசினாளாம்.
வந்து சேர்ந்தது ஒரே வரி:
"சந்தேக நபர் ஆயுதமொன்றைச் சுத்தம் செய்ததாகச்
சாட்சி தெரிவிக்கிறார்."

மொழிபெயர்ப்பாளன் நான்.
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
எதில் கழுவினான்? எந்த வெளிச்சத்தில்?
இந்தத் தாளை நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?
தாள் மின்விசிறிக்கு லேசாக ஆடியது.

எங்கள் சம்மனுக்குக் கேட்டுக்கு அப்பால்
கால் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் அழைக்காமல்,
சந்தைக்கூட்டத்தோடு கூட்டமாய்
எனியோனாம் நடந்து வந்தாள்,
கையில் நீல வாளி.
சுங்கக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

காலிதானே, போ.