சீட்டின் அடியில் ஒரு குறிப்பு

மஞ்சக்குப்பம், கோர்ட்டுக்குப் பின்தெரு மெஸ்.
ஏழரைக்கெல்லாம் மெஷின் சீட்டுத் துப்பத் தொடங்கும்.
சப்பாத்தி இரண்டு செட், குருமா தனியாக.
ரவா கிச்சடி ஒன்று, சட்னி வேண்டாம்.
இட்லி நாலு, மீன்குழம்பு அரை.
அடியில் பொடி எழுத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள்:
"வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கட்டும்."

எந்த வீடு என்று போடவில்லை.

என் வீடென்றால்
இந்நேரம் அடுப்பு ஆறிக் கிடக்கும்.
காலையில் வடித்த சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு
ஓவியா மறுபடி கணக்கு நோட்டுக்குப் போயிருப்பாள்.
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பாவாடைராயன்
வந்திருக்கலாம். போட்டு தாமதமென்றால்
வராமலும் இருக்கலாம்.

"வெளிச் சாப்பாடு உடம்புக்கு ஆகாதும்மா"
என்பார் தாலுக்கா ஆபீஸ் கோதண்டம்,
மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே.
எண்ணெய் ஊற்றுவது என் கை.
அவர் சொல்வதில் பாதி நிஜம்,
எந்தப் பாதி என்றும் கைக்குத் தெரியும்.
மீதிப் பாதிக்குக்
கூடக் கொஞ்சம் சாம்பார் ஊற்றுவேன்.

பிறகு அந்தச் சாவடி வீடு.
தினமும் ஒரே ஆர்டர்:
குழைந்த சோறு, ரசம், காரமே வேண்டாம்.
ஆணா பெண்ணா, என்ன நோவு,
எதுவும் தெரியாது எனக்கு.
மிளகாய் கிள்ளிப் போடும் முன்பே
ஒரு சொம்பு ரசம் ஒதுக்கி வைப்பேன்.
முதலாளி தனகோடி பார்த்தும் பாராமல் இருப்பார்.
பன்னிரண்டாம் நாள் சீட்டில் வந்தது:
"இனி காரம் போடலாம்."
அன்று ராத்திரி
கெடிலம் பாலத்தில் ஷேர் ஆட்டோ நின்றுபோய்
அரைமணி நேரம் காத்திருந்தபோதும்
எனக்குக் கோபமே வரவில்லை.

வீட்டுக்குப் போகையில்
மிச்சக் குழம்பில் ஒரு பாக்கெட் கட்டிக்கொள்வேன்.
நாற்பது ரூபாய். சம்பளத்தில் கழியும்.
நான் வைத்ததை நானே வாங்குவதில்
வெட்கப்பட என்ன இருக்கிறது,
ரப்பர் பேண்டு மட்டும் இலவசம்.

முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே
ஓவியா ஒருநாள் சொன்னாள்:
"அங்க வைக்கறப்ப மட்டும் நல்லா வைக்கறம்மா."
குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அது தெரியாது.
மழை வருகிறது என்பதுபோல் சொன்னாள்.
பாவாடை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அங்கே ஆறு அடுப்பு.
அரைத்துக் கொடுக்க ஒருத்தி, கழுவ ஒருத்தி.
இங்கே விடிகாலை ஐந்தரைக்கு நான்,
ஒரு கண் பஸ்மேல்.
இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம்தான்.
"இன்னொரு துண்டு போட்டுக்கோ" என்றேன்.

ஞாயிறு எனக்கு லீவு.
முதுநகர் முழுக்க சிப்காட் காற்று.
ஜன்னலைச் சாத்திவிட்டுச்
சங்கரா மீனை ஆய உட்கார்ந்தேன்.
பாவாடை புளி கரைத்தார், கொட்டையோடு.
சின்ன வெங்காயம் உரித்து ஓவியா அழுதாள்,
அழுதுகொண்டே யாரோ டீச்சரைப் பற்றிச்
சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.
ஒரு குழம்புக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.
மெஸ்ஸில் இதற்குள் அறுபது பார்சல் போயிருக்கும்.

நடுவில் போன். டெலிவரிக்கு ஓடும் இமாம் ஷெரீப்.
"அக்கா, சாவடி வீட்ல கேக்கறாங்க,
இன்னைக்கு வேற ஆளா சமைச்சது?"
ஆமாம் என்று சொல் என்றேன்.
வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.
கரண்டியைக் கழுவினேன்,
அது கழுவித்தான் இருந்தது.

"உப்பு தூக்கல்" என்றாள் ஓவியா.
தூக்கல்தான்.
பேசிக்கொண்டே இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.

தீர்ந்துவிடும் முன்னே
இரண்டு துண்டை மண்சட்டியில் எடுத்து
மூடி வைத்தேன் திங்கட்கிழமைக்கு.
ராத்திரிக்குள் உப்பு மீனில் இறங்கிவிடும்.
எத்தனையோ சீட்டு கிழித்திருக்கிறேன்,
நேற்றைய குழம்பு வேண்டுமென்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.