ஆரியங்காவு மகஜர்

தென்காசி பஸ்ஸில், கொய்யாக் கூடைக்கு அடியில் இருந்தது.
பிரெஞ்சில் யாரோ எழுதிய மழைக்கணக்கு, வேறொன்றுமில்லை சார்,
என்றார் பிலவேந்திரன்.
கொச்சியில் ஒருவர் விலை பேசியிருக்கிறாராம்.

உள்ளே இருப்பது எனக்கு வேண்டாம்.
அட்டை மான்தோல்.
வனச்சட்டம் அதை மட்டும்தான் வாசிக்கும்.

'உரிமையாளர்' கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
முதல் தாளிலோ ஒரு கூட்டமே நின்றது:
காப்பித் தோட்டத்து ஒகுஸ்த், வால் நீண்ட கையெழுத்து.
அவரை அடித்துவிட்டு ஒரு பாதிரியார்.
கொல்லம் ஆண்டு 1093, நாற்பது ரூபாய்க்கு ஈடு, மீட்கவில்லை,
சிக்கந்தர் ராவுத்தர், மரக்கடை.
பிறகு காகித ஆலைக்கு எடைக்குப் போயிருக்கிறது.
கூழாகும் முன் எவனோ சட்டைக்குள் செருகியிருக்கிறான்;
பெயரில்லை, பெருவிரல் மை.
கடைசியில் பிலவேந்திரனின் மாமனார்,
பால்பாயிண்டில், தேதி போட்டு.

கரையான் தின்ற பழைய அட்டைக்குப் பதில்
ராவுத்தர் செங்கோட்டையில் கட்டக் கொடுத்தது இந்தத் தோல்.
மயிர்க்கால்கள் இன்னும் தெரிந்தன.
பின்னட்டையில், முள்ளோ கம்பியோ கிழித்து
ஆறிப்போன ஒரு வடு.
மான் உயிரோடிருந்தபோது ஆறியது.

பிளேடால் தையலைப் பிரித்தேன்.
முதுகுக்குள் விறைப்புக்கு வைத்த துண்டுக் காகிதம்:
'புளி மூணு துலாம். பாக்கி ஏழு சக்கரம்.
மாடத்தி வந்து கேட்டால் கொடுக்காதே.'
முழுப் புத்தகத்திலும் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

தோலுக்குச் சீட்டுக் கட்டி பீரோவில் வைத்தேன்.
தாள்கள் ஒரு துண்டில் சுற்றிக் கொல்லம் பஸ் ஏறின.
'தற்போது வைத்திருப்பவர்': என் கையெழுத்து.

துண்டுக் காகிதத்துக்கு மகஜரில் கட்டம் இல்லை.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.