கொண்டை ஊசி

எஸ்டேட் பங்களாச் சாமான்கள் விற்பனைக்கு என்று
யாரோ சொல்லித்தான் ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.
பீரோக்களைச் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள்
விடிகாலையிலேயே அளந்து முடித்திருந்தார்கள்.
எனக்குக் கிடைத்தது மேசை ஓரத்தில்,
இஸ்திரிப் பெட்டிக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் நடுவே:
இத்தாலிக் கைப்பை. வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.
உள்ளே பொன்னெழுத்துப் பெயர், பாதி தேய்ந்து.

"ஒரிஜினல்தான்" என்றார் டெல்பின்.
மூவாயிரம். நான் ஆயிரத்து எண்ணூறில் நின்றேன்.
பதில் பேசாமல் பூட்டைத் திறந்து மூடினார்.
டக்.
அந்தச் சத்தத்துக்கே ஐந்நூறு ஏற்றினேன்.

அஞ்சு ரோட்டில் ஒருமுறை
புதுப்பை ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.
கடைப்பெண் என் செருப்பைப் பார்த்தாள்.
விலைச்சீட்டைத் திருப்பாமலே வைத்துவிட்டேன்.
இதில் அது இல்லை.
முதல் கீறல் விழுமோ என்ற பயத்தை
யாரோ எனக்கு முன்பே
செலவழித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

இறங்கும் பஸ்ஸில், மடியில் வைத்துத் துழாவினேன்.
அஸ்தர்க் கிழிசலுக்குள் விரலில் குத்தியது
ஒரு கொண்டை ஊசி.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவு அப்போது.
முன்சீட்டுப் பையன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி
கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.
டெல்பினுடையதா, அவருக்கும் முன்னே யாருடையதா?
பஸ் திரும்பிக்கொண்டேதான் இருந்தது;
திருப்பிக் கொடுக்கத்தான் வழியில்லை.
காற்றில் பறந்த முடியைச் சுருட்டிச் செருகினேன்.
நின்றது.

நாளை ஆபீஸில் புஷ்கலா கேட்பாள், "புதுசா?"
இல்லை என்று சொல்வதற்குத்தான்
இவ்வளவு பணம்.