வசூல் நாள்

மோட்டார் சைக்கிளைத் தாம்போதியோடு நிறுத்தவேண்டும்.
அங்கிருந்து குடும்பிமலைப் பக்கம்
இரண்டு கட்டை நடை.
ஆனியில் பாலைப்பழம் உதிரும்.
பழம் உதிர்ந்தால் கரடி வரும்.

முதல் கிழமையே சொல்லித்தந்தார்கள்.
சொன்ன எல்லாரும் என் புத்தகத்தில் கடன்காரர்.
"சத்தம் போட்டுக்கொண்டு வாங்க சேர்.
புத்துக்குள்ள மூக்கை விட்டா
அதுக்குக் காதும் இல்ல, கண்ணும் மட்டு.
கச்சான் எதிரே அடிச்சா
உங்கட வாடையும் போகாது.
திடுக்கிட்டாத்தான் எழும்பும்.
எழும்பினா முகத்தைத்தான் தேடும்."
குழுத்தலைவி மங்களேஸ்வரி
ஒரு வெறும் பால்மா ரின்னும்
விண்ணாங்குத் தடியும் தந்தாள்.
ரசீது கேட்கவில்லை.

டங் டங் என்று தட்டிக்கொண்டு போனேன்.
கரடி வரவில்லை, உண்மை.
ஊரும் இருக்கவில்லை.
அடுப்பில் உலை கொதிக்கிறது,
கொடியில் சேலை சொட்டுகிறது,
ஒன்பது படலையிலும் ஆள் இல்லை.

மனேஜர் கேட்டார்:
"நீ போறது வசூலுக்கா, திருவிழாவுக்கா?"

மறு கிழமை
ரின்னைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
மணலில் என் காலடி
எனக்கே கேட்கவில்லை.
கச்சான் முகத்தில் அடித்தது.

வீரை மரத்துக்குப் பின்னால் ஓர் இரைச்சல்,
பழைய வோட்டர் பம்
தண்ணீர் கிடைக்காமல் காற்றை இழுப்பதுபோல.
கிட்டப் போனபிறகுதான் விளங்கியது
கரையானை உறிஞ்சுகிற சத்தம் என்று.

பத்து முழம் இருக்கும்.
எழும்பியது.
நெஞ்சில் வெள்ளையாய் ஒரு வளைவு.
நகங்களை நான் எண்ணவில்லை.

ஓடக்கூடாது.
மரம் ஏறக்கூடாது, அது நன்றாக ஏறும்.
பின்னுக்கு வை, ஒவ்வொரு காலாக.
வைத்தேன்.
முள்ளில்தான் வைத்தேன், எடுக்கவில்லை.
தோள்பைக்குள் வேறு ஊரார் கட்டிய காசு இருந்தது.
அதற்கு அது வேண்டாம்.

அப்போதுதான் பற்றைக்குள்ளிருந்து
ஓர் அலுமினியத் தாச்சி அலறியது.
தட்டினாள், கத்தினாள், மறுபடி தட்டினாள்.
கரடி அவளையும் என்னையும் ஒருமுறை முகர்ந்துவிட்டு
காலை ஊன்றி இறங்கிப் போனது,
அவசரமில்லாமல்.

தங்கமலர். நாற்பத்திரண்டாம் பக்கம்.
ஐந்து தவணை பாக்கி.
புருசனின் வலது கன்னத்தைத் தைக்க
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப்
போய்வர எடுத்த கடன்.
கன்னம் போனது இதே வீரையடியில்.

இருவரும் கரடி போன பக்கத்தையே பார்த்து நின்றோம்.
"ரின் எங்க சேர்?"
"பெட்டிக்குள்ள."
"ம்."

மடிநிறையப் பாலைப்பழம்.
ஒரு கை அள்ளித் தந்தாள்.
பசியில்லை, தின்றேன்.
பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது.
கேட்கவேண்டியதைக் கேட்க வாய் திறக்கவில்லை.

தாம்போதி வரைக்கும் அவள்தான் முன்னால் நடந்தாள்,
தாச்சியைத் தட்டிக்கொண்டு.
அந்தச் சத்தத்துக்கு
ஊரில் மற்ற எட்டுப் படலையும்
சாத்தியிருக்கும்.