ஊக்கு

தருமபுரியில் அந்த வருடம்
முன்னூற்றுப் பன்னிரண்டு பையன்களுக்கு
ஏழு பேர் நாங்கள்.
உடைந்த குடுவைகள் கிடந்த அறையைக் கூட்டித் தள்ளி
'மகளிர் ஓய்வறை' என்று
சுண்ணாம்பில் எழுதிக் கொடுத்தார்கள்.
'ஓ'வின் சுழியை எவனோ சுரண்டிவிட
மூன்று வருடமும் அது ஒய்வறை.

பெண்களுக்குச் சங்கம் கிடையாது என்றார் முதல்வர்.
'இது சங்கமில்லை' என்று
நாற்பது பக்க நோட்டின் முதல் வரியில் எழுதி
ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.
தில்ஷாத் செயலாளர். நான் பொருளாளர்.
சந்தா மாதம் கால் ரூபாய்.

சின்னம் வேண்டுமே?
வேலூரில் வெள்ளி வில்லை குத்திக்கொள்வார்களாம்,
ஞானசுந்தரியின் அக்கா பார்த்திருக்கிறாள்.
சந்தைப்பேட்டையில் எங்களுக்கு
ஒரு அட்டை ஊக்கு கிடைத்தது.
தோளில் ஒன்று.
முந்தானை உள்மடிப்பில் இன்னொன்று.
எதற்கென்று நோட்டில் இல்லை,
பென்னாகரம் பஸ்ஸில் சில கைகளுக்குத் தெரியும்.
'ஊக்கு, பெயர்ச்சொல் மட்டுமில்லை' என்றாள்
தமிழ் இலக்கியம் படித்த சின்னப்பாப்பா.

மூன்றாம் வருடம்
மஞ்சள் கயிறும் வயிறுமாக வந்தாள் மாதம்மாள்.
தையில் பிள்ளை, சித்திரையில் பரீட்சை.
வருகைக் குறைவுக்கு அபராதம் பதினைந்து ரூபாய்.
'கரும்பலகைத் துடைப்பான்' என்று
கணக்கில் எழுதினேன்.

மாமியார் புளியமரத்தடியில்,
"இன்னும் எந்நேரம் ஆவும்?"
பரீட்சை இல்லாதவள் பிள்ளையைப் பிடிப்பது என்று முறை.
தில்ஷாத்தின் முறையில்
கதவைத் திறந்தார் முதல்வர்.
மேசைமேல், அவள் துப்பட்டாவில்,
காலை உதைத்துக்கொண்டிருந்தது.
"யார் இது?"
"புது உறுப்பினர் சார்."
"இங்கே சங்கமே இல்லையே."
"ஆமாம் சார், இல்லை."
கண்ணாடியைத் துடைத்தார்.
அதைப் போட மறந்து போய்விட்டார்.
அன்றைய குறிப்பில் தில்ஷாத்:
'உறுப்பினர் எண் எட்டு. சந்தா விலக்கு.
அறை ஈரம்.'

மாதம்மாள் புள்ளியியலில் தவறினாள்.
ஐப்பசியில் தேறினாள்.
சொல்லி வந்த காகிதத்தில் நான்கே வரி,
மடிப்பைப் பிடித்திருந்தது
துருப்பிடித்த ஒன்று.

அப்புறம் ஆளுக்கொரு திசை.
இல்லாத சங்கத்தைக் கலைக்க
யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.
கையிருப்பு ஒரு ரூபாய் முப்பது பைசா
என்னிடமே இருக்கிறது.